வரிகளுக்குப் பாதி

மகள் போன் செய்தபோது அவள் ஒரு தலைவலி மாத்திரையின் விளக்கத்தாளில் பாதி வரை வந்திருந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. பதினேழு வருடமாக மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடியெழுத்துத் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் படிக்காமல் தூக்கியெறிகிற காகிதத்தை வார்த்தை விடாமல் படித்துச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் தான்தான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். மிச்ச நேரத்தில் பாட்டு எழுதுவாள். அதற்குச் சம்பளம் கிடையாது.

"அம்மா, உன் பாட்டு டிவியில வருது" என்றாள் மகள். வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "இன்ஷூரன்ஸ் விளம்பரம். பஸ்ல ஒருத்தர் தன் பொண்டாட்டிகிட்ட ஏதோ சொல்ல முடியாம உக்காந்திருக்கார். பின்னாடி 'இன்னும் ரெண்டு நிறுத்தம், அதுக்குள்ள சொல்லிடு'ன்னு ஓடுது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் முணுமுணுக்கிறாங்க."

"அப்படியா" என்றாள். ஒரு நிமிடம் நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது.

"எங்க அம்மா எழுதினதுன்னு பெருமையா சொன்னேன். ஒருத்தி உடனே போன்ல எடுத்துப் பாத்தா. வரிகள்னு போட்டு சித்தப்பா பேர் இருக்கு. இசையும் அவர், வரிகளும் அவர். நான் புளுகின மாதிரி ஆயிடுச்சு."

"ஏதாவது தப்பா போட்டிருப்பாங்க. நான் பாக்கறேன்."

தப்பைக் கண்டுபிடிப்பதுதானே தொழில். ஆனாலும் அன்று அந்த மாத்திரைத் தாளில் 'குமட்டல்' இரண்டு முறை வந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

சித்தப்பா என்று மகள் சொன்னது அவளுடைய கொழுந்தனை. கணவரின் ஒரே தம்பி. சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தான். மெட்டும் அவனே போடுவான், ஆள் வைத்துப் பாட வைப்பான், பதிவு செய்து வெளியிடுவான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அவள் கல்யாணமாகி வந்த ஐந்தாவது வருடம், ஒரு மெட்டைக் கொண்டுவந்து, "அண்ணி, சும்மா ரெண்டு வரி எழுதிக் குடுங்க, ஆள் கிடைக்கற வரைக்கும்" என்றான். ஆள் கிடைக்கவே இல்லை. இருபத்துமூன்று பாட்டு ஆகிவிட்டது.

அவன் காசு கொடுத்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை. ஆனால் கொடுக்காதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஃபிரிட்ஜ் கெட்டுப்போனபோது புதிது வந்து இறங்கியது. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் மூன்று வருடம் அவன் கட்டினான். நான்கு வருடத்துக்கு முன்னால் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தபோது முன்பணம் முழுக்க அவன்தான் போட்டான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஏறி இறங்குகிற வேலை முடியாமல், கம்பெனி அலுவலகத்தில் புகார் போன்களை எடுக்கிற மேசைக்கு மாறியிருந்தார். தம்பி செய்த உதவியை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. லீவு நாளெல்லாம் அவன் ஸ்டுடியோவில் ஒயரிங் பார்ப்பார், ஏசியைக் கழுவிக் கொடுப்பார், குனியக்கூடாது என்று டாக்டர் சொன்ன முதுகோடு குனிந்து பிளக் மாற்றுவார்.

பாட்டுகளுக்கான உரிமைத் தொகையை வசூலித்துப் பிரித்துத் தருகிற சங்கம் ஒன்று இருந்தது. அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனாள். ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாவது மாடி. படிக்கட்டு முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசம். கவுன்டரில் இருந்த பெண் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாட்டின் பெயரைத் தட்டினாள்.

"வரிகள் அவர். மெட்டு அவர். பதிவு உரிமையும் அவர்தான்" என்றாள்.

"மத்த பாட்டெல்லாம்?"

பட்டியல் கீழே ஓடிக்கொண்டே போனது. இருபத்துமூன்றும் அப்படித்தான்.

"வரிகளுக்குன்னு தனியா பணம் வருமாங்க?"

"வராமயா? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போகுது. இவருக்குப் பதினோரு வருஷமா போகுது."

"எவ்வளவுன்னு பாக்கலாமா?"

"அவர் கையெழுத்து இல்லாம காட்ட முடியாதும்மா." அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "நீங்க எழுதினதா?"

அவள் தலையசைத்தாள்.

"இந்த நாற்காலியில வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படி வந்து உக்காருவாங்க. ரெண்டு வழி இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து திருத்தப் படிவத்துல கையெழுத்து போடலாம், யாருக்கு எவ்வளவுன்னு நீங்களே பேசி எழுதிக்கலாம். இல்லன்னா புகார் குடுக்கலாம். புகார் குடுத்தா விசாரணை முடியற வரைக்கும் பணம் ரெண்டு பேருக்கும் நின்னுடும். ஆறு வருஷமா நிக்கிறது ஒண்ணு இருக்கு. எழுதினவரும் போய்ச் சேர்ந்துட்டார், மெட்டு போட்டவரும் போய்ச் சேர்ந்துட்டார்."

ஒரு படிவத்தைக் கொடுத்தாள். பாட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே வரிகள், மெட்டு என்று இரண்டு கட்டம். "கூட்டினா நூறு வரணும். நூத்தி ஒண்ணு வந்தாக்கூட கம்ப்யூட்டர் எடுக்காது" என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் படிவத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு, "கேக்க வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"நமக்கு அவன் எவ்வளவு செஞ்சிருக்கான். இப்பப் போய் பேர் கொடு, பங்கு கொடுன்னு நின்னா, அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"உங்க தம்பியைத் திருடன்னு சொல்லல. எம்பேரை எங்கயாவது ஒரு ஓரத்துல போடச் சொல்றேன்."

"பேருன்னு ஆரம்பிச்சா அதுல நிக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்து அவள் மட்டும் ஸ்டுடியோவுக்குப் போனாள். ஒரு பர்னிச்சர் குடோனின் பின்பக்கம் அது. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டி, அதில் பாதி பிய்ந்து தொங்கியது. கொழுந்தன் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு சூப்பர் மார்க்கெட்டின் அறிவிப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். 'வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு' என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணி. பாத்தீங்களா, நம்ம பாட்டு எங்கயோ போயிடுச்சு" என்றான். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

அவள் படிவத்தை மேசைமேல் வைத்தாள். அவன் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றினான்.

"தம்பி, வரிகள்ல உங்க பேர் எப்படி வந்துச்சு?"

"அது அப்ப ஆன்லைன்ல பதியும்போது ஒரே கட்டம்தான் இருந்துச்சு அண்ணி. ரெண்டாவது பேர் போடணும்னா அவங்க உறுப்பினரா இருக்கணும், சந்தா கட்டணும், போட்டோ, அது இதுன்னு கேட்டான். அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன்."

"பதினோரு வருஷமா?"

"நமக்குள்ள என்ன அண்ணி பேப்பர்? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் பாக்காம இருந்திருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்கு முன்னால்தான் இத்தனை வருடமும் அவள் வாயடைத்து நின்றிருக்கிறாள். அன்று நிற்கவில்லை. அது தைரியம் இல்லை. திரும்பிப் போய் இன்னொரு நாள் இன்னொரு தடவை பஸ் பிடித்து வருகிற தெம்பு அவளிடம் இல்லை.

"செஞ்சதுக்கு நன்றி சொல்லிட்டுதான் இருக்கேன் தம்பி. இது வேற. எழுதினது நான். பாதி என் பேர்ல மாத்தணும்."

அவன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொன்னான். குடோன்காரன் வாடகையை ஏற்றிவிட்டான். பாடகர்கள் முன்பணம் இல்லாமல் வாயைத் திறப்பதில்லை. ஒரு பாட்டுக்கு மூன்று மாதம் உட்கார வேண்டியிருக்கிறது. கடைசியில் சொன்னான்: "நீங்க எழுதறதுக்கு ஒரு நாள் ஆகுமா அண்ணி? கால் பங்கு எடுத்துக்கங்க. நியாயமா இருக்கும்."

"'ரெண்டு நிறுத்தம்' எழுத ஒரு நாள்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருபது நாள் ஒண்ணும் வராம சுத்தினேன். அந்த இருபது நாளும் ஆபீஸ்ல திட்டு வாங்கினேன். அது உங்க கணக்குல வராதா?"

"செலவெல்லாம் என்னோடது அண்ணி."

"அதுக்குத்தான் பதிவு உரிமைன்னு தனியா இருக்கே. அதுல நான் கை வெக்கல. நான் பாட்டைப் பத்திப் பேசறேன்."

முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம் என்றான். அண்ணன் வந்தால் பேச்சு தன் பக்கம் சாயும் என்று அவன் நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நான்கு பேர் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். நான்காவது ஆள் கொழுந்தனின் மனைவி. ஸ்டுடியோவின் பில், ரசீது, வாடகை எல்லாம் அவள் பொறுப்பு. தேநீர் வைத்துவிட்டு வழக்கம்போல் உள்ளே போகாமல் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தே பேசினான். "நீயே சொல்லுண்ணே. ஃபிரிட்ஜ், பாப்பா ஃபீஸ், உன் ஆபரேஷன். நான் எதையும் சொல்லிக் காட்டறவன் இல்ல. ஆனா பங்கு பங்குன்னு வந்தா அதையும் கூட்டிப் பாக்கணும்ல? கூட்டிப் பாத்தா அண்ணிதான் எனக்குத் தரணும்."

கணவர் தரையைப் பார்த்தார். "அவ ஏதோ ஆசைப்படறா. நீ பெருசா எடுத்துக்காத" என்றார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. காலில் போட்டிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பரவாயில்லை, கால் பங்கே போதும், கையெழுத்து போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது ஸ்டூலில் இருந்தவள் எழுந்தாள். பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு நீல ஃபைலை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். சங்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்த சீட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வரிகளுக்கான தொகையைப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தாள். சில சீட்டுகளின் பின்பக்கம் ரசீது ஒட்டியிருந்தது. ஃபிரிட்ஜ் ரசீது. கல்லூரி ரசீது. மருத்துவமனை ரசீது.

"என்ன இது?" என்றான் கொழுந்தன்.

"நீங்கதானே எழுதி வெக்கச் சொன்னீங்க. ஆரம்பத்துல. அண்ணி காசு தனியா இருக்கட்டும், அவங்களுக்கு வேணும்கும்போது குடுக்கலாம்னு."

பாட்டு எழுதியவள் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பிழை பார்த்துப் பழகிய கண். தேதிகளைத்தான் முதலில் பார்த்தது. சங்கத்திலிருந்து தொகை வந்த நான்காம் நாள் ஃபிரிட்ஜ். கல்லூரிக் கட்டணமும் தொகை வந்த வாரத்திலேயே. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்த தொகை அப்படியே மருத்துவமனைக்குப் போயிருந்தது.

கணவர் மெதுவாக எழுந்து வந்து அந்த ரசீதை எடுத்துப் பார்த்தார். "என் ஆபரேஷனா?"

"அந்த மாசம் என்கிட்ட வேற இல்லண்ணே" என்றான் தம்பி.

"அப்ப அது அவ காசு."

"நான் வெச்சுக்கலையே. குடுத்தேன்ல?"

"குடுத்த. நானும் வாங்கினேன். நாலு வருஷமா உன் வீட்டு வாசல்ல கூனிக்குறுகி நிக்கிறேனே, அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

அவன் முகம் சிறுத்துப் போயிருந்தது. எப்போதோ நல்ல மனதோடு தொடங்கிய ஒன்று எந்த வருடத்தில் வேறாகிப் போனது என்று அவனுக்கே தெரியவில்லை என்பதை அவளால் பார்க்க முடிந்தது. வந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எப்படியோ சுற்றி அவள் வீட்டுக்கே வந்திருந்தது. மிச்சம் வாடகையிலும் புது மைக்கிலும் போயிருந்தது. திருடன் என்று சொல்ல முடியவில்லை. நல்லவன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நீ ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று ஓரகத்தியைக் கேட்டாள்.

"எந்த மூஞ்சியோட சொல்றது அக்கா? ஒவ்வொரு தடவையும் நீங்க இங்க வந்து நன்றி சொல்லும்போது நான் உள்ள போய் உக்காந்துக்குவேன். இனிமே உள்ள போக என்னால முடியல."

கொழுந்தன் மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

பேரம் அதற்குப் பிறகுதான் உண்மையில் தொடங்கியது. குரல் உயர்த்த யாருக்கும் தெம்பு இல்லாததால் அது சீக்கிரமே நடந்தது. பழையதை அவள் கேட்கவில்லை. வந்ததும் போனதும் அந்த ஃபைலோடு இருக்கட்டும் என்றாள். இருபத்துமூன்று பாட்டிலும் வரிகள் என்ற கட்டத்தில் தன் பெயர் வர வேண்டும், பாதிப் பங்கோடு. அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்றாள். விளம்பரத்துக்கு வந்த தொகையில் தன் பாதி தனியாக வேண்டும் என்றாள்.

"விளம்பரக் காசு இல்ல அண்ணி" என்றான். "ஏழு மாச வாடகை பாக்கி. போயிடுச்சு. நிஜமா."

ஓரகத்தி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப அறுபது என் பேருக்கு, நாற்பது உங்களுக்கு. அந்தக் காசு அடையற வரைக்கும்."

"நான் மெட்டு போட்டவன் அண்ணி. நாற்பதுன்னு எழுதினா வெளியில பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"பத்தொன்பது வருஷமா சைபர்னு இருந்தேனே, என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?"

அவன் லேசாகச் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அன்று அது ஒன்றுதான் பழைய மாதிரி இருந்தது. அவன் ஐம்பத்திரண்டு என்றான். அவள் ஐம்பத்தெட்டு என்றாள். மூன்று வருடமா, ஐந்து வருடமா என்று கொஞ்ச நேரம் போனது. தேநீர் ஆடை கட்டிவிட்டது.

கணவர்தான் முடித்து வைத்தார். ஜன்னலோரம் முதுகைச் சுவரில் சாய்த்து நின்றபடி, "ஐம்பத்தஞ்சு, மூணு வருஷம். அப்புறம் பாதிப் பாதி" என்றார். "ஆனா எழுதிக் குடு. நாளைக்கே ரெண்டு பேரும் போய் கையெழுத்து போடுங்க. இனிமே பாட்டு வேணும்னா முதல்ல பேப்பர், அப்புறம் வரி. என் ஒயரிங்குக்கும் சேர்த்துத்தான்டா சொல்றேன்."

"உனக்குமா பேப்பர்?" என்றான் தம்பி.

"எனக்குக் கூலி. பேப்பர் வேண்டாம்."

திங்கட்கிழமை சங்க அலுவலகத்தில் கூட்டம். கவுன்டரில் அதே பெண்ணிடம் அவள் முதலில் சந்தா கட்டி உறுப்பினரானாள். இருபத்துமூன்று பாட்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிப் போட்டார்கள். பதினான்காவது பாட்டில் கொழுந்தன் நிறுத்தினான்.

"இது எதுன்னு ஞாபகம் இருக்கா அண்ணி? பல்லவியை நாலு தடவை மாத்தச் சொன்னேன்."

"அஞ்சு தடவை."

"கடைசியில முதல்ல எழுதினதையே வெச்சோம்."

"ஆமா" என்றாள். அவன் கையெழுத்துப் போட்டுப் பேனாவைக் கொடுத்தான். இருபத்துமூன்றாவது முடிந்ததும், கீழே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் படியிறங்கிப் போனான். அவனுக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த ஐந்து மாதம் அவனிடமிருந்து போன் இல்லை. அவன் வேறு யாரையோ வைத்து எழுதுகிறான் என்று கேள்விப்பட்டாள். வலிக்கத்தான் செய்தது. கணவர் லீவு நாட்களில் வீட்டில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நன்றாக இருந்த மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்தார். ஓரகத்தி மட்டும் இடையில் ஒருமுறை வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஃபைலைப் பற்றிப் பேசவில்லை. ஓரகத்தியின் குழந்தைக்கு வந்த காய்ச்சலைப் பற்றிப் பேசினார்கள்.

ஆறாவது மாதம் ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு பக்க ஒப்பந்தம். புதுப் பாட்டு, எழுதுவதற்கு முன்பணம் இவ்வளவு, வரிகளுக்குப் பாதி. கூட ஒரு சின்னச் சீட்டு: 'மெட்டு போன்ல அனுப்பியிருக்கேன். அவசரம் இல்ல.' அவள் இரண்டு நாள் வைத்துப் படித்தாள். பதிவை வேறு யாருக்காவது விற்றால் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை. போன் செய்து கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "அதையும் சேர்த்துடறேன் அண்ணி" என்றான். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. முன்பெல்லாம் அதைக் கேட்காமல் அவன் போனை வைத்ததில்லை.

சங்கத்திலிருந்து முதல் தொகை அதே வாரம் வங்கிக்கு வந்தது. விளம்பரம் அதற்குள் நின்றுபோயிருந்தது. மகளுக்குப் போன் செய்து சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

"அவ்வளவுதான்."

"இதுக்காம்மா இத்தனை சண்டை?"

"சண்டை எல்லாம் போடலம்மா. உக்காந்து பேசினோம்" என்றாள். "எனக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் அலுப்பு போகல."

போனை வைத்துவிட்டு மெட்டைப் போட்டுக் கேட்டாள். நல்ல மெட்டு. அவன் மெட்டு எப்போதும் நல்ல மெட்டுதான். இரண்டாவது தடவை கேட்கும்போது முதல் வரி வந்துவிடும் என்று தோன்றியது. வரவில்லை. மூன்றாவது தடவை போட்டுவிட்டு, காகிதத்தின் தலைப்பில் தேதியை மட்டும் எழுதி வைத்தாள்.